கன்றுக்குட்டி குறுக்கே வந்தது

(தலைப்பு: சாலையில் நம் உயிரைக் காப்பது வண்டியின் வசதியா? ஓட்டுபவரின் பொறுப்பா? காஞ்சிபுரத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘ஓட்டுபவரின் பொறுப்பே!’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! வண்டிதான் காப்பாற்றும், வண்டிதான் காப்பாற்றும் என்று வண்டி வண்டியாகப் பேசிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! காஞ்சி மாநகரத்துப் பெருமக்களே! ரிமோட்டை யாரும் பிடுங்கிவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? “ஐயா, இப்ப வர்ற காருல ஆறு பலூன் இருக்கு. பிரேக்குல கம்ப்யூட்டர் இருக்கு. ரிவர்ஸ் எடுத்தா டிவி தெரியுது. இனிமே மனுஷன் சும்மா உட்கார்ந்தா போதும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். இவர் மட்டும் கார் விற்கிற கடையில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் நாலு வண்டி போயிருக்கும். (சிரிப்பு)

நான் காரைக் குறை சொல்ல வரவில்லை. அதோ இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. 1998இல் அங்கேயிருந்து சான்ட்ரோ வெளியே வரத் தொடங்கியதிலிருந்து, பட்டுக்குப் பேர்போன நம் பக்கத்துக்குக் காரும் ஓர் அடையாளம் ஆகிவிட்டது. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் தம்பி, அந்த ஸ்டீயரிங் நடுவிலே எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து பொறித்திருப்பானே, அதில் முதல் எழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘துணை’ என்று அர்த்தம். பலூன் துணைக் கருவி. எதற்குத் துணை? நீங்கள் போட்டுக்கொள்கிற பெல்ட்டுக்குத் துணை! பெல்ட் உங்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் பலூன் முன்னால் தாங்கும். பெல்ட் போடாமல் பாய்கிறவனை, கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிற அந்தப் பலூனே முகத்தில் அறையும். மடியிலே குழந்தை இருந்தால், முதல் அடி குழந்தைக்கு.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பெல்ட் போடாவிட்டால் வண்டி ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. அந்தச் சத்தம் நம்மவருக்குப் பிடிக்கவில்லை. கடையிலே பெல்ட்டின் கொக்கி மட்டும் தனியாக விற்கிறான். அதை வாங்கி ஓட்டையிலே செருகிவிட்டால் சத்தம் நின்றுவிடும்! “ஐயா, சாகாதே, சாகாதே” என்று கத்துகிற வாயை அடைக்கக் காசு கொடுத்துத் துணி வாங்குகிற புத்திசாலியை நீங்கள் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? (கைதட்டல்)

“பெல்ட் முன் சீட்டுக்குத்தானே?” என்று கேட்பார்கள். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி, மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் ஒரு விபத்து. பல லட்ச ரூபாய் வெளிநாட்டுக் கார். தம்பி சொன்ன பலூன் எல்லாம் அதிலும் உண்டு. முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டாடா குழுமத்துக்கே தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி. பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்றுதான் போலீஸ் விசாரணையில் வந்தது. அந்த வண்டியில் குறை என்று எதைச் சொல்வீர்கள்?

அடுத்து, டயர். இது கோயில் ஊர். புதுக் கார் வாங்குகிறவர்கள் எங்கெங்கிருந்தோ இங்கே கொண்டுவந்து பூஜை போடுவார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். ஏறி நசுக்கிவிட்டு ஒரு பெருமை! நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தை வைக்கக் குனிந்தீர்களே, அதுதான் அந்த மனிதர் தன் டயரைக் குனிந்து பார்த்த கடைசி நாள்! (சிரிப்பு) அப்புறம் டயர் வெடித்தால்தான் குனிகிறார்.

தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரரிடம் நாளைக்குக் காலையில் ஒரு கேள்வி கேளுங்கள். “ஏங்க, நம்ம டயருக்குக் காத்து எவ்வளவு?” என்று கேளுங்கள். முழிப்பார். டிரைவர் கதவைத் திறந்தால், கதவு மூடுகிற அந்தத் தூணிலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எத்தனை ஆள் போனால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கிறது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலையிலே பார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிகக் காற்றில்தான் டயர் வெடிக்கும் என்று பலபேர் நினைக்கிறார்கள். காற்று குறைந்த டயர்தான் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிர்ந்து, சூடேறி, சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்திலே பிரியும். இன்னொன்று. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அரிசி வாங்கும்போது பழசா புதுசா என்று கையில் எடுத்துப் பார்க்கிறோம். இதைப் பார்த்து வாங்க மாட்டோமா? டயரின் பள்ளத்துக்குள்ளே சின்னச் சின்ன மேடு வைத்திருப்பான். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி என்று அர்த்தம். அதோடு சட்டப்படி அந்த டயரின் ஆயுள் முடிந்தது. “இன்னும் ஒரு திருப்பதி போயிட்டு வந்துடலாம்” என்று இழுக்கக் கூடாது. திருப்பதிக்குப் போகலாம், வர வேண்டுமே!

பிரேக்கில் கம்ப்யூட்டர் என்றார் தம்பி. உண்மை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அம்பாசிடர் காலத்தில் பழகிய நம் ஆள் என்ன செய்கிறார்? பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறார். அந்தக் காலத்தில் அதுதான் சரி. இந்த வண்டியில் ஒரே மிதியாக மிதித்துக் காலை எடுக்காமல் இருக்க வேண்டும். பெடல் கடகடவென்று அதிரும். அதிர்ந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? வசதி வண்டியில் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது யார்? நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊர் காந்தி ரோட்டுக்கு வாருங்கள். முகூர்த்த மாசம். பட்டுச் சேலை எடுக்க வெளியூர்க் கார்கள் வரிசையாக நிற்கும். கார் நின்றதும் சேலை ஆசையில் ‘படார்’ என்று கதவைத் திறக்கிறார்கள். பின்னாலே சைக்கிளில் நூல் மூட்டையோடு வருகிற பெரியவர் கதவில் மோதி விழுகிறார். ஆறு கேமரா இருந்தாலும் உங்கள் கை திறக்கிற கதவை அது பிடித்துக்கொள்ளுமா? ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன். டிரைவர் சீட்டில் இருக்கிறவர் கதவை இடது கையால் திறங்கள். இடது கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் பார்க்கும். காசு செலவில்லை.

நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி வீட்டில் பிறந்தவன். அங்கே விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று நூலைப் பிரித்து நீவிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் வெளியூர்க் கார் ஒன்று. போனில் வருகிற வரைபடம் அவரை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஹாரன்! ஹாரன்! ஹாரன்! இறங்கி வந்து, “ரோட்டுல எதுக்குய்யா நூலைக் கட்டி வெச்சிருக்கீங்க?” என்றார். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், நூலிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னார்: “தம்பி, ரோடு உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல. ஒரு பத்து நிமிஷம் இறங்கி நில்லுங்க. உங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் இந்தப் பாவு.” (பலத்த கைதட்டல்)

அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல்தான் நாம் சாகிறோம் ஐயா. மத்திய அரசின் கணக்கு. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். இந்தப் பட்டிமன்றம் முடிவதற்குள் நாலைந்து வீட்டில் ஒப்பாரி கேட்கும். நாடு முழுக்க இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரை அதிவேகம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து வண்டி நிற்கிற தூரம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு! இது பள்ளிக்கூடத்துப் பையனின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

‘முட்டுக்கட்டை’ என்றால் நமக்குக் கெட்ட வார்த்தை. “நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே” என்கிறோம். வைகாசியில் வரதர் தேர் ஓடுகிறதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் ஓடி வருவார்கள். புண்ணியம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சக்கரத்தை விட்டு எடுக்காமல் நடக்கிறானே ஒருவன், அவன் கட்டை போடவில்லையென்றால் தேர் தெருமுனையில் திரும்பாது, எதிர்வீட்டுத் திண்ணைக்குள் போகும். அவனை யாரும் படம் எடுப்பதில்லை. உங்கள் காரில் முட்டுக்கட்டை உங்கள் வலது காலுக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

இப்போது நான் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் சாலை விபத்து வழக்கு ஒன்று உண்டு. எழுதியவர் நம் மாவட்டத்துக் குன்றத்தூர்க்காரர், சேக்கிழார் பெருமான். திருவாரூர் வீதியிலே மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போகிறான். கன்றுக்குட்டி ஒன்று சக்கரத்தில் அடிபட்டு இறக்கிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அமைச்சர் என்ன சொல்கிறார்? இளவரசர் முறையாகத்தான் போனார், கன்றுதான் இடையிலே புகுந்தது என்கிறார். பாருங்கள், எத்தனை நூற்றாண்டாக இதே வாதம்! “நான் கரெக்டாத்தான் சார் போனேன், அவன்தான் சார் குறுக்க வந்தான்.” ராஜா அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. அந்த ராஜாவுக்குத்தான் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். தேர் சரியில்லை, அச்சாணி சரியில்லை என்று அவர் தேரைச் செய்த தச்சனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, எதிரணி நண்பர்களே!

இந்தக் கதையை நான் முப்பது வருஷமாக வகுப்பிலே நடத்துகிறேன். நடத்திவிட்டு நானே என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கேமராத் தம்பி, என் மனைவி முன் வரிசையில்தான் இருக்கிறார், தயவுசெய்து அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

2009ஆம் வருஷம். வேலூரில் இதே மாதிரி ஒரு பட்டிமன்றம். முடிய இரவு பதினொன்றரை. நல்ல சாப்பாடு போட்டார்கள். “ஐயா, ரூம் போட்டிருக்கோம், தங்கிட்டுக் காலையில போங்க” என்றார்கள். “எழுபது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்பேன்” என்றேன். கைதட்டல் வாங்கிய திமிர் ஐயா! மேடையில் ஜெயித்தவனுக்குத் தூக்கம் ஒரு பொருட்டா? மனைவி முன் சீட்டில். மடியில் என் மகள், அப்போது ஆறு வயது. பெல்ட் போடவில்லை. “ராத்திரியில எந்த போலீஸ் பார்க்கப்போறான்” என்று சொன்னவன் நான்தான்.

காவேரிப்பாக்கம் தாண்டியது. இரண்டு கொட்டாவி. கண்ணாடியை இறக்கினேன். பாட்டைச் சத்தமாக வைத்தேன். இதெல்லாம் தூக்கத்தை விரட்டாது, தூக்கம் வந்துவிட்டதற்கு அடையாளம், அவ்வளவுதான். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று எனக்கே நினைவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி மூன்று விநாடியில் 66 மீட்டர் போகும். நம் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் அறுபது மீட்டருக்குள். அந்தக் கோபுரத்தைச் சாலையில் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ, அதைவிட அதிக தூரம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

ஜல்லியில் சக்கரம் இறங்குகிற சத்தத்தில் முழித்தேன். திருப்பினேன். மைல்கல்லில் உரசி, வண்டி கழனிக்குள் இறங்கி நின்றது. சேறு இருந்ததால் பிழைத்தோம். மகள் மட்டும் மடியிலிருந்து பாய்ந்து டேஷ்போர்டில் மோதியிருந்தாள். நெற்றியில் ஏழு தையல். இன்றைக்கும் அவள் பொட்டு வைக்கிற இடத்துக்கு மேலே ஒரு கோடு இருக்கிறது.

எல்லோரும் கேட்டார்கள். நான் சொன்னேன்: “நாய் குறுக்கே வந்துவிட்டது.”

கல்லூரியிலும் அதைத்தான் சொன்னேன். மாமனாரிடமும் அதைத்தான் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். “பாவம், அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார் அந்த அம்மா! நாயே இல்லை! (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரப் பல வருஷம் ஆனது. போன மாதம் என் மகள் டிரைவிங் பழகப் போகிறேன் என்றாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மனைவி மட்டும், “நாய்னு சொன்னப்பவே நினைச்சேன், உங்களுக்குத்தான் நாய்னாலே பயமாச்சே, நல்லாத்தானே பார்த்திருப்பீங்கன்னு” என்றார். பல வருஷமாக அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு எங்களை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு லாரி டிரைவர். பெயர் தெரியாது. குழந்தையைத் தூக்கித் தன் துண்டை நெற்றியில் கட்டி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்றார். “போலீஸ் கேஸு, அப்புறம் என்னைய அலைய விடுவாங்க சார்” என்றார். அந்தப் பயத்துக்கு இன்றைக்கு இடமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு தூக்கிக்கொண்டு போகிறவர் மேல் வழக்கு கிடையாது. விருப்பம் இல்லையென்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. யோசிக்காமல் 108க்குப் போன் போடுங்கள்.

அந்த லாரிக்காரர் போகும்போது எனக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். “சார், நாங்க ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டே ஓட்டுறோம்னு நினைக்கிறீங்களா? கண்ணு சொருகினா வண்டிய ஓரங்கட்டிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு இருபது நிமிஷம் படுத்துடுவோம். நீங்க படிச்சவங்க சார், படுக்க மாட்டீங்க” என்றார். டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு இது தெரியவில்லை. டீ உடம்பில் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம். எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அதையும் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நம்ப வேண்டாம். முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே போய்ப் படுத்துவிடுங்கள்.

என் அப்பா கோர்வைச் சேலை நெய்தவர். கோர்வைக்கு மூன்று நாடா ஓடும். கரை நாடாவை வாங்கிப் போடப் பக்கத்திலே ஓர் ஆள் உட்கார வேண்டும். சின்ன வயதில் அந்த ஆள் நான். நான் தூங்கி விழுந்தால் அப்பாவும் தறியை நிறுத்திவிடுவார். “அரைத் தூக்கத்துல போட்ட நாடாவை நாளைக்கு உட்கார்ந்து பிரிக்கணும்டா, போய்ப் படு” என்பார். காரில் முன் சீட்டும் அந்த இடம்தான். டிரைவர் பக்கத்தில் இருக்கிறவர் தூங்கக் கூடாது. அவருக்குத் தூக்கம் வந்தால் பின்னால் போகட்டும், முழித்திருக்கிறவர் முன்னால் வரட்டும். யாருக்கும் முடியவில்லை என்றால் வண்டி நிற்கட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, அரை நிமிஷம். எதிரணித் தலைவர், என் நெடுநாள் நண்பர், இன்றைக்கு இந்த நிகழ்ச்சி முடிந்த கையோடு திருச்சிக்கு வண்டியை எடுக்கப்போவதாகச் சாப்பிடும்போது சொன்னார். புதுக் கார். ஆறு பலூன். ஐயா, உங்கள் அணி ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, சாவியை என்னிடம் கொடுங்கள். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது, மின்விசிறி நன்றாகச் சுற்றும். காலையில் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி. என் மனைவி மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆறு மணிக்குப் புறப்படலாம். டயருக்குக் காற்று நான் பார்த்துத் தருகிறேன்.